சொந்த வெப் சர்வர் வெளி நெட்வொர்க்கிலிருந்து திறக்கவில்லையா? கோளாறைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

சொந்தமாக ஒரு வெப் சர்வரை நிறுவியாயிற்று. அதே கணினியில் திறந்தால் பக்கம் வருகிறது. வெளியிலிருந்து யாராவது முயன்றால் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த இடத்தில் பலரும் செய்வது, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றுவது. அப்புறம் ஃபயர்வாலை (வரும் இணைப்புகளை வடிகட்டும் மென்பொருள்) அணைப்பது, போர்ட்டை (ஒவ்வொரு சேவைக்குமான கதவு எண்) மாற்றுவது, சர்வரை மறுபடி முதலிலிருந்து நிறுவுவது. கொஞ்ச நேரத்தில் எது பழைய கோளாறு, எது நாமே புதிதாக உண்டாக்கியது என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

பிரவுசரிலிருந்து கிளம்பும் ஒரு கோரிக்கை பல கை மாறித்தான் சர்வரை அடைகிறது. டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் அமைப்பு), இணைய சேவை நிறுவனத்தின் நெட்வொர்க், உங்கள் ரவுட்டர், சர்வர் கணினியின் ஃபயர்வால், கடைசியில் சர்வர் மென்பொருள். எந்தக் கையில் நின்றுபோனது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. அது தெரிந்துவிட்டால் சரிசெய்வது பெரும்பாலும் ஒரு வரி மாற்றம்தான். அதனால் இந்த வழிகாட்டி உள்ளிருந்து வெளியே போகிறது. ஒரு படி தேறாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். பலன் இல்லையென்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

உதாரணத்துக்காக, சர்வரின் உள் முகவரி 192.168.1.50, ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். சர்வரில் லினக்ஸ் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். விண்டோஸில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

தொடங்கும் முன்: எப்படித் திறக்கவில்லை?

"திறக்கவில்லை" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. என்ன பிழை வந்தது, எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கதவைத் தட்டியதும் உள்ளிருந்து "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று குரல் வருவது வேறு. எவ்வளவு தட்டினாலும் சத்தமே இல்லாமல் இருப்பது வேறு. முதலாவது "இணைப்பு மறுக்கப்பட்டது" என்ற பிழை. முயன்ற கணமே வந்துவிடும். ஏதோ ஒரு கணினியை அடைந்துவிட்டீர்கள், ஆனால் அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க எந்தப் புரோகிராமும் இல்லை என்று பொருள். ஃபயர்வாலே மறுப்பு அனுப்பும்படி அமைந்திருந்தாலும் இதே பிழை வரலாம். இரண்டாவது "நேரம் கடந்துவிட்டது" என்பது. அனுப்பிய பாக்கெட் (தரவுத் துண்டு) போன இடம் தெரியவில்லை. ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கலாம், முகவரி தவறாக இருக்கலாம், ரவுட்டரில் போர்ட் ஃபார்வேர்டிங் (வெளியிலிருந்து வருவதைச் சர்வருக்குத் திருப்பிவிடும் விதி) இல்லாமல் இருக்கலாம், அல்லது கோரிக்கை வந்து சேர்ந்து பதில் மட்டும் வழி தவறியிருக்கலாம்.

சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் சந்தோஷப்படுங்கள். பாதை திறந்துதான் இருக்கிறது. மறுமுனையில் யாரோ பேசுகிறார்கள். அந்தச் சான்றிதழ் யாருடையது என்று மட்டும் பாருங்கள். உங்கள் ரவுட்டருடையது என்றால் கோரிக்கை சர்வர்வரை போகவே இல்லை. 502 அல்லது 504 என்ற பிழை எண் வந்தால் நெட்வொர்க்கைக் குறை சொல்லாதீர்கள். முன்னால் நின்று கோரிக்கையை வாங்கி அப்ளிகேஷனுக்குக் கடத்தும் ரிவர்ஸ் பிராக்ஸிவரை எல்லாம் சரி. அதற்குப் பின்னால் இருக்கும் அப்ளிகேஷனில்தான் கோளாறு.

சோதனைக்கு பிரவுசரைவிட, கட்டளை வரியிலிருந்து பக்கத்தைக் கேட்கும் கர்ல் கட்டளை மேல். பிரவுசர் பழைய 301 திருப்பிவிடலை நினைவில் வைத்திருக்கும், எப்போதோ பார்த்த தளத்தை வலுக்கட்டாயமாக ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றும். சில போர்ட்டுகளை, உதாரணமாக 6000, 6667, 5060 ஆகியவற்றை, பாதுகாப்பில்லாதவை என்று சொல்லித் திறக்கவே மறுக்கும். கர்லுக்கு இந்தப் பழக்கமெல்லாம் இல்லை. வி என்ற விருப்பத்தோடு ஓட்டினால் எந்த முகவரியை முயன்றது, எந்தக் கட்டத்தில் நின்றது என்று வரிவரியாகக் காட்டும்.

படி 1: சர்வர் கணினியிலேயே

சர்வரில் உட்கார்ந்துகொண்டு 127.0.0.1 என்ற முகவரிக்கு, சரியான போர்ட்டைச் சேர்த்து கர்ல் ஓட்டுங்கள். பக்கம் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். வரவில்லை என்றால் இது நெட்வொர்க் பிரச்சினையே இல்லை. சேவை ஓடுகிறதா, அதன் பதிவேடு என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

பதிவேட்டில் வரும் எண்களைக் கவனிக்கப் பழகுங்கள். லினக்ஸில் 98 என்றால் அந்தப் போர்ட்டை வேறொரு புரோகிராம் ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கிறது. 111 என்றால் மறுப்பு. 110 என்றால் நேரம் கடந்தது. 113 என்றால் அந்தக் கணினிக்கு வழியே இல்லை. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளின் பிழைப் பதிவேட்டில் பின்னாலிருக்கும் அப்ளிகேஷனோடு இணையும்போது 13 என்று வந்து, பிரவுசரில் 502 தெரிந்தால், செலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அமைப்பு) தடுத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். வெப் சர்வர் தானாக நெட்வொர்க் இணைப்புத் தொடங்க அனுமதிக்கும் செலினக்ஸ் பூலியனை (ஆன்/ஆஃப் அமைப்பு) இயக்கினால் தீர்ந்தது. செலினக்ஸையே அணைக்க வேண்டியதில்லை.

படி 2: எந்த முகவரியில் கேட்டுக்கொண்டிருக்கிறது?

"என் கணினியில் வருகிறது, வேறு எங்கும் வரவில்லை" என்ற புகாருக்கு முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது. எஸ்எஸ் கட்டளையை டி, எல், என், பி என்ற நான்கு விருப்பங்களோடு நிர்வாகி உரிமையில் ஓட்டுங்கள். விண்டோஸில் நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ விருப்பங்களோடு ஓட்டலாம். எந்தப் புரோகிராம் எந்த முகவரியில், எந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறது என்ற பட்டியல் வரும்.

அதில் உங்கள் போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 என்று இருந்தால், அந்தச் சேவை தன் சொந்தக் கணினிக்கு மட்டுமே பதில் சொல்லும். ரவுட்டரில் தலைகீழாக நின்றாலும் வெளியிலிருந்து வராது. 0.0.0.0 என்று இருந்தால் எல்லா ஐபிவி4 (நான்கு எண்களாக எழுதும் பழைய வகை) முகவரிகளிலும் கேட்கிறது. அடைப்புக்குறிக்குள் இரண்டு முக்காற்புள்ளி தெரிந்தால் அது ஐபிவி6 (புதிய, நீண்ட வகை முகவரி); ஐபிவி4 இணைப்பையும் அதுவே ஏற்குமா என்பது சேவையின் அமைப்பைப் பொறுத்தது. 192.168.1.40 போன்ற பழைய முகவரி ஏதாவது தெரிந்தால், சர்வரின் முகவரி மாறிவிட்டது, அமைப்புக் கோப்பு மாறவில்லை.

மென்பொருள் உருவாக்கத்துக்கான சிறிய சர்வர்கள் பல, பாதுகாப்புக்காக 127.0.0.1இல் மட்டும்தான் தொடங்கும். அதன் அமைப்பில் கேட்கும் முகவரியை 0.0.0.0 என்று மாற்றுங்கள். ஆனால் முன்னால் ரிவர்ஸ் பிராக்ஸி வைத்திருக்கிறீர்கள் என்றால் அப்ளிகேஷன் 127.0.0.1இல் இருப்பதே நல்லது; வெளியே தெரிய வேண்டியது பிராக்ஸி மட்டும்தான்.

டாக்கர் (அப்ளிகேஷனைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் மென்பொருள்) பயன்படுத்தினால் இதே கேள்வியை இரண்டு இடத்தில் கேட்க வேண்டும். கன்டெய்னருக்கு உள்ளே அப்ளிகேஷன் 127.0.0.1இல் கேட்டால், போர்ட்டை வெளியிட்டிருந்தாலும் பயனில்லை. சர்வரின் பட்டியலில் போர்ட் திறந்திருப்பது போலத் தெரியும், ஆனால் இணைப்பு மறுக்கப்படும் அல்லது இணைந்ததும் அறுந்துவிடும். அதேபோல, போர்ட்டை வெளியிடும் வரியில் 127.0.0.1 என்று முன்னால் சேர்த்திருந்தால் பக்கத்துக் கணினிக்குக்கூட வராது.

படி 3: அதே நெட்வொர்க்கில் இன்னொரு கணினி

இப்போது அதே ரவுட்டரில் இணைந்த வேறொரு கணினியிலிருந்து 192.168.1.50ஐத் திறந்து பாருங்கள். டொமைன் பெயர் வேண்டாம், எண்ணையே கொடுங்கள். வந்தால் சரி, மேலே போகலாம். மறுப்பு வந்தால் படி 2ஐத் திரும்பப் பாருங்கள். நேரம் கடந்தால் சர்வரின் ஃபயர்வாலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

லினக்ஸில் ஃபயர்வாலாக யுஎஃப்டபிள்யூவோ ஃபயர்வால்டியோ இருக்கும். 80 (ஹெச்டிடிபி), 443 (ஹெச்டிடிபிஎஸ்) இரண்டு போர்ட்டுகளையும் அனுமதியுங்கள். இங்கே ஒரு விசித்திரம் உண்டு. டாக்கர் தன் போர்ட்டுகளுக்கான விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும். யுஎஃப்டபிள்யூவில் நீங்கள் மூடியிருக்கும் போர்ட்கூட டாக்கர் வழியாகத் திறந்து கிடக்கும். ஃபயர்வால் நிலையைக் கேட்டால் மூடியிருக்கிறது என்றே சொல்லும். எரிச்சலூட்டும் விஷயம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

விண்டோஸில் நெட்வொர்க்கின் வகை முக்கியம். இணைப்பு "பொது" என்று குறிக்கப்பட்டிருந்து, நீங்கள் அனுமதித்த விதி "தனிப்பட்ட" வகைக்கு மட்டும் என்றால் அது செல்லாது. அப்புறம், பிங் (கணினி இருக்கிறதா என்று கேட்கும் சோதனை) பதில் வரவில்லை என்பதை வைத்துச் சர்வர் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். விண்டோஸ் பல நேரங்களில் பிங்கைத் தடுத்துவிட்டு வெப் போர்ட்டைத் திறந்தே வைத்திருக்கும். பிங் சோதிப்பது ஒன்று, உங்களுக்கு வேண்டியது இன்னொன்று.

ஃபயர்வாலில் குறை இல்லை, ஆனாலும் அடைய முடியவில்லையா? சோதிக்கும் கணினியில் ஐபி நெய்பர் என்ற கட்டளையை ஓட்டுங்கள். 192.168.1.50க்கு எதிரே தோல்வி என்று காட்டினால் இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று பார்க்கவே முடியவில்லை. விருந்தினர் வைஃபையில் இணைந்திருப்பீர்கள், அல்லது வைஃபை சாதனங்களை ஒன்றோடொன்று பேசவிடாமல் பிரித்துவைக்கும் வசதி ரவுட்டரில் இயங்கிக்கொண்டிருக்கும்.

இந்தப் படியை முடிப்பதற்குள் ஒரு வேலை செய்துவிடுங்கள். ரவுட்டரின் டிஹெச்சிபி (முகவரிகளைத் தானாக வழங்கும்) பகுதியில் சர்வரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) 192.168.1.50ஐ ஒதுக்கிவையுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் மின்சாரம் போய் வந்ததும் முகவரி மாறி, நேற்றுவரை ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள நேரும்.

படி 4: ரவுட்டருக்கு உள்ளேயே வேறு சப்நெட் இருந்தால்

சப்நெட் என்பது நெட்வொர்க்கின் ஒரு பிரிவு. ஒரே நெட்வொர்க் மட்டும் வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிவிடலாம். விலான் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பிரிவுகளாக்குவது) பிரித்தவர்களும், விபிஎன் (தொலைவிலிருந்து மறையாக்கச் சுரங்கம் வழி இணைவது) வழியாக வருபவர்களும் நில்லுங்கள்.

அதே சப்நெட்டிலிருந்து திறக்கிறது, பக்கத்துச் சப்நெட்டிலிருந்து திறக்கவில்லை என்றால் ரவுட்டரில் சப்நெட்டுகளுக்கு இடையிலான விதியை எல்லோரும் பார்ப்பார்கள். அது சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால், சர்வரின் திரும்பும் வழியைப் பாருங்கள். சர்வரில் டிஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வழியான ரவுட்டரின் முகவரி) அமைக்கப்படாமல் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்களோடு நன்றாகப் பேசும். வெளி சப்நெட்டுக்குப் பதில் அனுப்ப வழி தெரியாது. சப்நெட் மாஸ்க் (எந்த முகவரிகள் பக்கத்தில் இருப்பவை என்று சொல்லும் அளவு) தவறினாலும் இதே கதை. 24 என்று இருக்க வேண்டிய இடத்தில் 16 என்று போட்டுவிட்டால், 192.168.20.7இல் இருப்பவரைத் தன் பக்கத்திலேயே இருப்பதாக நினைத்து, ரவுட்டரைக் கேட்காமல் நேராகத் தேடிக்கொண்டிருக்கும்.

டாக்கர் இங்கேயும் தலையை நீட்டும். அதன் முதல் நெட்வொர்க் 172.17.0.0/16, அடுத்தடுத்துத் தொடங்குபவை பெரும்பாலும் 172.18, 172.19 என்று போகும். உங்கள் நிறுவனத்தின் நெட்வொர்க்கும் 172.18இல் இருந்தால், அங்கிருந்து வரும் கோரிக்கைக்கான பதிலைச் சர்வர் தன் சொந்தக் கன்டெய்னர் நெட்வொர்க்குக்குள்ளேயே அனுப்பிவிடும். எல்லோருக்கும் திறக்கிறது, ஒரே ஒரு அலுவலகத்தினருக்கு மட்டும் திறக்கவில்லை என்ற மர்மத்துக்கு இது ஒரு விடை. விபிஎன்னிலும் இதே வகைச் சிக்கல் வரும்: இரண்டு முனையிலும் 192.168.1.0/24 இருந்தால், பாக்கெட் விபிஎன்னுக்குள் நுழையவே நுழையாது.

படி 5: உங்களுக்குப் பொது முகவரி இருக்கிறதா?

போர்ட் ஃபார்வேர்டிங் பக்கம் போகும் முன் இதைக் கட்டாயம் சோதியுங்கள். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் முகவரி (ரவுட்டரின் வெளிப்புற முகவரி) என்று ஒன்று இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிரவுசரில், உங்கள் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

இரண்டும் ஒன்றே என்றால் நல்லது. வேறாக இருந்தால், உங்கள் ரவுட்டருக்கு வெளியே இன்னொரு முகவரி மாற்றி உட்கார்ந்திருக்கிறது. வான் முகவரி 10இல் தொடங்கினால், 172.16 முதல் 172.31க்குள் இருந்தால், அல்லது 192.168 என்று இருந்தால், அது 1996ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1918 (ஓர் இணையத் தரநிலை ஆவணம்) ஒதுக்கிய தனி முகவரி; இணையத்திலிருந்து அதற்கு வழி கிடையாது. 100.64 முதல் 100.127க்குள் இருந்தால், இணைய சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக 2012இல் ஆர்எஃப்சி 6598 ஒதுக்கிய வரம்பு. இதைத்தான் சிஜிநாட் என்கிறார்கள்.

192.168 என்று இருந்தால் சில சமயம் எளிதாகத் தீரும். நிறுவனம் கொடுத்த மோடம் ஒரு ரவுட்டராகவும், அதற்குப் பின்னால் நீங்கள் வாங்கிய ரவுட்டர் இன்னொன்றாகவும் இயங்குகிறது என்று பொருள். மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டராக இயங்காமல் இணைப்பை மட்டும் கடத்தும் முறை) மாற்றுங்கள். முடியாவிட்டால் இரண்டிலும் ஃபார்வேர்டிங் போடுங்கள்.

சிஜிநாட் என்றால் உங்கள் ரவுட்டரில் எதை மாற்றியும் பயனில்லை. ஃபார்வேர்டிங் செய்ய வேண்டிய கருவி உங்கள் கையில் இல்லை. நான்கு வழிகள் இருக்கின்றன. சேவை நிறுவனத்திடம் பொது முகவரி கேட்டு வாங்குவது ஒன்று. கிடைத்தால் இதுதான் நேர்வழி. ஐபிவி6 இருந்தால் அதில் நேராகத் திறப்பது இரண்டாவது. ஆனால் ஐபிவி6 இல்லாத பார்வையாளர்களுக்கு வராது. மூன்றாவது, பொது முகவரி உள்ள ஒரு சிறிய விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) எடுத்து, அங்கிருந்து வீட்டுச் சர்வருக்கு வயர்கார்டு (ஒரு விபிஎன் மென்பொருள்) சுரங்கம் அமைப்பது. சுரங்கத்தைச் சர்வர் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். 25 நொடிக்கு ஒரு முறை உயிர்ப்புச் செய்தி அனுப்பும்படி வையுங்கள், இல்லையென்றால் நாட் (முகவரி மாற்றி) அந்த இணைப்பை மறந்துவிடும். நான்காவது, வெளியிலிருந்து வருவதைத் தன் சர்வர்கள் வழியாகக் கடத்தித் தரும் கிளவுட்ஃப்ளேர் டன்னல் போன்ற சேவை. அமைப்பது மிக எளிது, ஆனால் மறையாக்கம் அவர்கள் முனையில் அவிழ்க்கப்படுகிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் பயன்படுத்த வேண்டும். நானாக இருந்தால் விபிஎஸ், வயர்கார்டு வழியைத்தான் எடுப்பேன். நீங்களும் உங்கள் வீட்டாரும் மட்டும் பயன்படுத்தும் சர்வர் என்றால் இவை எதுவுமே வேண்டாம், டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை போதும்.

எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினியில் நுழையும் நெறிமுறை) வழியாகத் தலைகீழ்ச் சுரங்கம் போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: விபிஎஸ்ஸில் திறக்கும் போர்ட் முதலில் 127.0.0.1இல் மட்டுமே கேட்கும். படி 2இல் பார்த்த அதே பொறி. எஸ்எஸ்ஹெச் சர்வரின் அமைப்பில் கேட்வே போர்ட்ஸ் என்ற வரியை இயக்கினால்தான் வெளியே தெரியும்.

படி 6: போர்ட் ஃபார்வேர்டிங்கும் உண்மையான வெளிச் சோதனையும்

ரவுட்டரில் வெளிப் போர்ட் 443, உள் முகவரி 192.168.1.50, உள் போர்ட் 443, நெறிமுறை டிசிபி என்று ஒரு விதி, 80க்கு இன்னொன்று. சர்வர் 8080இல் ஓடினால் வெளிப் போர்ட் 80, உள் போர்ட் 8080. இந்த இரண்டு பெட்டிகளையும் மாற்றிப் போடுவது சர்வ சாதாரணம். ரவுட்டரின் நிர்வாகப் பக்கமே வெளிப்புறம் 80இலோ 443இலோ திறந்திருந்தால் விதி மோதும். வெளியிலிருந்து நிர்வகிக்கும் அந்த வசதியை அணைத்துவிடுங்கள், எப்படியும் அது திறந்திருக்கக் கூடாது.

இப்போது சோதனை. உங்கள் சொந்த வைஃபையில் இருந்துகொண்டு பொது முகவரியைத் திறந்து பார்ப்பது வெளிச் சோதனை ஆகாது. உள்ளிருந்து கிளம்பி, ரவுட்டரின் வெளி முகவரியைத் தொட்டு, மறுபடி உள்ளே திரும்பும் இந்தப் போக்குவரத்தை எல்லா ரவுட்டரும் ஆதரிப்பதில்லை. ஆதரிக்காதவை ஒன்று விழுங்கிவிடும், அல்லது தன் சொந்த நிர்வாகப் பக்கத்தைக் காட்டும். உலகம் முழுக்கத் திறக்கிற தளம் உங்கள் வீட்டில் மட்டும் திறக்காமல் இருப்பது இதனால்தான். ரவுட்டரில் நாட் லூப்பேக் என்ற வசதி இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால் உள் நெட்வொர்க்கின் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு 192.168.1.50 என்று விடை கொடுக்கச் செய்யுங்கள்.

சரியான சோதனை: செல்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பொது முகவரியை எண்ணாகவே திறப்பது. எண்ணாகக் கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல மொபைல் நெட்வொர்க்குகள் முழுக்க ஐபிவி6இல் ஓடுகின்றன. பெயரைக் கொடுத்தால் செல்பேசி ஐபிவி6 வழியாகப் போய், ஃபார்வேர்டிங்கே இல்லாமல் திறந்துவிடலாம். அதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துவிடுவீர்கள்.

80 மட்டும் வரவில்லை, 8080 என்று மாற்றினால் வருகிறது என்றால் சேவை நிறுவனம் அந்தப் போர்ட்டைத் தடுத்திருக்கலாம். நேர்மாறாக, 8443 வீட்டிலிருந்து வருகிறது, ஓர் அலுவலகத்திலிருந்து வரவில்லை என்றால், அந்த அலுவலகம் 80, 443 தவிர மற்றவற்றை வெளியே விடுவதில்லை. முடிந்தவரை 443இலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: பெயர், முகவரி, ஐபிவி6

எண்ணில் திறக்கிறது, பெயரில் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ். டிஎன்எஸ்ஸைக் கேட்கும் டிக் கட்டளையில் பெயரைக் கொடுத்து, ஏ பதிவையும் (ஐபிவி4 முகவரி) நான்கு ஏ பதிவையும் (ஐபிவி6 முகவரி) தனித்தனியே கேளுங்கள். ஏ பதிவு பழைய பொது முகவரியைக் காட்டினால், முகவரி மாறியபோது டைனமிக் டிஎன்எஸ் புரோகிராம் (மாறும் முகவரியை டிஎன்எஸ்ஸில் தானாகப் பதிவது) புதுப்பிக்கவில்லை. திருத்திய பிறகும் டிடிஎல் (பழைய விடையை நினைவில் வைத்திருக்கும் நேரம்) முடியும்வரை சிலருக்குப் பழைய விடையே போகும், பொறுமை தேவை.

நான்கு ஏ பதிவை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். எப்போதோ போட்டுவைத்த பழைய ஐபிவி6 முகவரி அங்கே கிடக்கும். பிரவுசர்கள் ஐபிவி6ஐ முதலில் முயன்று, உடனே பதில் இல்லையென்றால் ஐபிவி4க்குத் தாவிவிடும். அதனால் உங்களுக்குக் குறை தெரியாது. அப்படித் தாவத் தெரியாத புரோகிராம்களில் மட்டும் தோல்வி வரும். கர்லில் 4 என்ற விருப்பத்தோடு ஒரு முறை, 6 என்ற விருப்பத்தோடு ஒரு முறை ஓட்டினால் எந்தப் பக்கம் உடைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஐபிவி6இல் ஃபார்வேர்டிங் இல்லை. சர்வருக்கே பொது முகவரி இருக்கும், ஆனால் ரவுட்டரின் ஃபயர்வால் வழக்கமாக உள்ளே வருவதைத் தடுத்திருக்கும். அதில் 443க்கு அனுமதி விதி போட வேண்டும். டிஎன்எஸ்ஸில் சர்வரின் நிலையான முகவரியைக் கொடுங்கள். அடிக்கடி மாறும் தற்காலிக முகவரியைக் கொடுத்தால் மறுநாளே உடையும். ஐபிவி6இல் பிழைச் செய்திகளைக் கொண்டுவரும் ஐசிஎம்பிவி6ஐ மொத்தமாகத் தடுக்காதீர்கள். பாக்கெட் பெரிதாகிவிட்டது என்ற தகவல் அதன் வழியாகத்தான் வரும்.

படி 8: சான்றிதழ்

சுருக்கமாக. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டின் ஹெச்டிடிபி சோதனை வெளியிலிருந்து 80ஆம் போர்ட்டுக்குத்தான் வரும். 443 மட்டும் திறந்திருந்தால் போதாது. சோதனை உலகின் பல இடங்களிலிருந்து வருவதால், வெளிநாட்டு முகவரிகளைத் தடுத்துவைத்தவர்களுக்குத் தோல்வியடையும். 80ஐத் திறக்க முடியாதவர்கள் டிஎன்எஸ் வழிச் சோதனைக்கு மாறுங்கள்.

பாதை சரி, சான்றிதழ் சரி, ஆனால் வேறு தளத்தின் பக்கம் வருகிறது என்றால் அந்தப் பெயருக்கான பிளாக் அமைப்புக் கோப்பில் இல்லை. பெயர் பொருந்தாவிட்டால் என்ஜின்எக்ஸ் தன் முதல் பிளாக்கைக் காட்டும்.

இன்னும் பிடிபடவில்லையா? பாக்கெட்டைப் பாருங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் ஊகம். சர்வரில், வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கட்டளையை 443ஆம் போர்ட்டுக்கு மட்டும் ஓடவிட்டு, வெளியிலிருந்து ஒருவரை முயலச் சொல்லுங்கள். ஊகத்துக்கு வேலையே இல்லை. என்னைக் கேட்டால் நேரம் கடந்துவிட்டது என்ற பிழை வந்தவுடனேயே இதைச் செய்துவிடலாம்.

திரையில் ஒரு வரியும் வரவில்லை என்றால் கோரிக்கை சர்வரைத் தொடவே இல்லை. சர்வரை விட்டுவிட்டு ரவுட்டர், சிஜிநாட், டிஎன்எஸ் ஆகியவற்றைப் பாருங்கள். எஸ் (இணைப்புக் கோரிக்கை) என்ற கொடியோடு வரி வருகிறது, கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி கூடி அதே வரி திரும்பத் திரும்ப வருகிறது, பதில் வரி இல்லை என்றால் சர்வரின் ஃபயர்வால் விழுங்குகிறது. பாக்கெட் ஃபயர்வாலுக்கு முன்பே டிசிபிடம்ப்பின் கண்ணில் பட்டுவிடும், அதனால் இது நம்பகமான சோதனை. எஸ் வந்து, பதிலாக ஆர் (மறுப்பு) போகிறது என்றால் யாரும் கேட்கவில்லை. எஸ் வந்து, எஸ்ஸும் புள்ளியுமாகப் பதிலும் (ஏற்பு) போகிறது, ஆனாலும் எதிர்முனை மறுபடி எஸ்ஸே அனுப்புகிறது என்றால் பதில் போய்ச் சேரவில்லை.

இந்தக் கடைசி வகைக்குப் பெரும்பாலும் காரணம், சர்வரிலேயே ஓடும் விபிஎன். கோரிக்கை ரவுட்டர் வழியாக வருகிறது. சர்வரின் டிஃபால்ட் வழி விபிஎன் சுரங்கம் என்பதால் பதில் அதற்குள் போய்விடுகிறது. எதிர்முனை கேட்ட முகவரி ஒன்று, பதில் வந்த முகவரி இன்னொன்று. அதனால் தூக்கிப் போட்டுவிடுகிறது. உள் நெட்வொர்க்கிலிருந்து மட்டும் ஒழுங்காகத் திறப்பதும் இதற்குப் பொருந்தும், உள் முகவரிகளுக்கான வழி தனியாக இருக்கிறது. ஐபி ரவுட் கெட் கட்டளையோடு 8.8.8.8 போன்ற வெளி முகவரியைக் கொடுத்தால், பதில் எந்த இடைமுகம் வழியாகக் கிளம்பும் என்று சொல்லிவிடும். அந்த விபிஎன் எதற்காக இருக்கிறதோ அந்தச் சேவைக்கு மட்டும் அதை ஒதுக்குங்கள், முழுச் சர்வரையும் அதில் தள்ளாதீர்கள்.

இன்னொரு விநோதமான அறிகுறி: இணைப்பு ஏற்படுகிறது, சின்னப் பக்கம் வருகிறது, பெரிய பக்கம் பாதியில் உறைகிறது. அல்லது ஹெச்டிடிபி வருகிறது, ஹெச்டிடிபிஎஸ் தொடக்கத்திலேயே தொங்குகிறது. இது எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) சிக்கல். வழக்கமான ஈதர்நெட்டில் பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். பிபிபிஓஇ (பயனர்பெயரோடு உள்நுழையும் பிராட்பேண்ட் முறை) இணைப்பில் 1492. வயர்கார்டு இடைமுகத்தில் வழக்கமாக 1420. சர்வர் அனுப்பும் சான்றிதழ் பல முழு அளவுப் பாக்கெட்டுகளாகப் போகும். வழியில் குறுகலான இடம் இருந்து, அதைச் சொல்லும் ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழை) செய்தியும் தடுக்கப்பட்டிருந்தால், அவை அப்படியே காணாமல் போகும். துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 1472 பைட்டுக்குப் பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்புகளுக்கு 28 சேர்த்து 1500 ஆகும். போகவில்லையென்றால் 1464, 1392 என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். ரவுட்டரில் எம்எஸ்எஸ் கிளாம்ப்பிங்கை (பாக்கெட் அளவைத் தானாகக் குறைக்கும் வசதி) இயக்கினால் போதும்.

கடைசியாக, இத்தனை சோதனையில் உங்கள் முகவரியையே ஃபெயில்2பேன் (திரும்பத் திரும்பத் தோற்கும் முகவரிகளைத் தடுக்கும் மென்பொருள்) தடை செய்திருக்கலாம். மற்றவர்களுக்கெல்லாம் திறந்து உங்களுக்கு மட்டும் திடீரென்று நின்றுபோனால் அதன் தடைப் பட்டியலைப் பாருங்கள்.

வேலை முடிந்ததும்

திறந்ததை மூடுங்கள். சோதனைக்காக அணைத்த ஃபயர்வாலை இயக்குங்கள். சர்வரை டிஎம்இசட்டில் (எல்லாப் போர்ட்டுகளையும் ஒரே கணினிக்குத் திறந்துவிடும் ரவுட்டர் வசதி) போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். முயன்று பார்த்த 8080, 8443 ஃபார்வேர்டிங் விதிகளை நீக்கிவிட்டு 80, 443 மட்டும் வையுங்கள். டேட்டாபேஸ் போர்ட்டும் அப்ளிகேஷனின் நிர்வாகப் பக்கமும் வெளியே தெரிகின்றனவா என்று மொபைல் டேட்டாவிலிருந்து ஒரு முறை பாருங்கள். டாக்கர் இருந்தால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. எதை மாற்றியதால் ஓடியது என்பதை ஒரு கோப்பில் இரண்டு வரி எழுதி, ரவுட்டர் அமைப்பையும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். ரவுட்டரைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்ப வேண்டி வந்தால் இந்த ஃபார்வேர்டிங் விதிகளெல்லாம் அதோடு போய்விடும்.